காலண்டர் படமும் கண்ணின் கணக்கும்

"நமக்கு ஓவியமெல்லாம் என்னங்க தெரியும்?" என்று கேட்பவரின் வீட்டுச் சுவரில்தான் பெரும்பாலும் ஓர் ஓவியம் தொங்கிக்கொண்டிருக்கும். கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று உள்ளே போகும் சாலைகளில், தோட்டத்து வீடுகளில் இது இன்னும் நிச்சயம். மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த காலண்டரில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி இருப்பாள். இல்லாவிட்டால் வேலும் மயிலுமாக முருகன். பன்னிரண்டு மாதமும் கிழித்து முடித்ததும் கீழ்ப்பாதி குப்பைக்குப் போகும். மேல்பாதி போகாது. அதை வெட்டி, சட்டம் போட்டு, பொட்டு வைத்து, சாமி மேடைக்கு மேலே மாட்டிவிடுவார்கள். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, குடும்பம் தாமானுக்குக் குடிபெயரும்போது அந்தப் படமும் கூடவே லாரி ஏறும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மக்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இருவர் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, பார்வைகளில் சரிபாதி 17 விநாடிக்கும் குறைவு. அந்தப் படங்களில் ரெம்பிராண்ட் வரைந்ததும் உண்டு. உலகின் பெரிய ஓவியங்களுக்கே 17 விநாடிதான் கிடைக்கிறது. தோட்டத்து வீட்டு லட்சுமிக்கோ காலையில் பல் துலக்கும்போது, மாலையில் விளக்கேற்றும்போது, காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்போது என்று ஆண்டுக்கணக்கில் பார்வை கிடைக்கிறது. ஆகவே ஓவியம் தெரியாது என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. நிறையப் பார்த்திருக்கிறோம். எதைப் பார்த்தோம் என்று கேட்டுக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

கேட்டுப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு கைப்பேசியும் போதும்.

நான்கே மை

பூதக்கண்ணாடியை லட்சுமியின் கன்னத்தின் மேல் வையுங்கள். கன்னம் காணாமல் போய்விடும். அங்கே தோலின் நிறமே இல்லை. வெள்ளைத் தாளில் மஞ்சள் புள்ளிகள், மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்புப் புள்ளிகள், சயான் என்னும் பச்சை கலந்த நீலப் புள்ளிகள், அங்கங்கே கறுப்பு. இந்த நான்கு மைகளுக்கு மேல் எதுவும் கிடையாது. புள்ளி பெருத்தால் நிறம் அடர்கிறது, சிறுத்தால் வெளிறுகிறது. நான்கு மைகளின் வரிசைகளும் ஒரே கோணத்தில் விழுந்தால் படத்தின் மேல் அலை அலையாகப் பட்டை தெரியும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு மையின் வரிசையையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்த்து அச்சிடுகிறார்கள்.

பிறகு கன்னம் எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்து. நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால்தான் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். அங்குலத்துக்கு 150 வரிசை என்று அச்சடித்தால் புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், படத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் விலகியதும் புள்ளிகள் கரைந்து நிறமாகிவிடும். சாமி படத்தை யாரும் அதைவிடக் கிட்டே நின்று கும்பிடுவதில்லை.

கம்போங் குவாந்தானில் இரவில் படகேறியவர்களுக்கு இது பழகிய காட்சி. சிலாங்கூர் ஆற்றின் வளைவில் தூரத்திலிருந்து பார்க்கும்போது பெரெம்பாங் மரம் ஒரே வெளிச்சமாக நிற்கும். படகு நெருங்க நெருங்கத்தான் அது தனித்தனி மின்மினிகளாகப் பிரியும். பாரிஸில் ஜார்ஜ் செரா என்ற இளைஞர் 1884 முதல் 1886 வரை உட்கார்ந்து, ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் மக்களை இதே வித்தையால்தான் ஒரு பெரிய திரையில் வரைந்தார். வண்ணங்களைத் தட்டில் குழைக்காமல் சிறு சிறு புள்ளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணிடம் விட்டார். அதற்கு அவர் படித்தது ஒரு வேதியியலாளர் எழுதிய நூலை: சாயப்பட்டறைக்குத் தலைவராக இருந்த செவ்ரூல், பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று 1839இல் எழுதியது. செராவின் பாணி புரியவில்லை என்பவர்கள் வீட்டுக் காலண்டரைக் கிட்டே போய்ப் பார்த்தால் போதும்.

மரப்பாலும் எண்ணெயும்

இந்தக் காலண்டர் படங்களுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பெயர் ராஜா ரவிவர்மா. 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனைக்குப் படம் வரைய வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து எண்ணெய் வண்ணத்தைப் பிடித்துக்கொண்டவர். எண்ணெய் வண்ணத்தின் இரகசியம் மெதுவாகக் காய்வதில் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறோடு மூலக்கூறு பிணைந்து, நாள்கணக்கில் இறுகிக் கெட்டிப் படலமாகும். அதுவரை ஓவியர் நிழலை வெளிச்சத்துக்குள் தடவித் தடவி இழைக்கலாம். பட்டுச் சேலையின் மடிப்பும் கன்னத்தின் உருட்சியும் அப்படித்தான் வந்தன.

எல்லா எண்ணெயும் இப்படிக் காய்ந்துவிடாது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டித்தான் உருவானது. அன்று அந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். அங்கே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டார். செம்பனை எண்ணெயான பாமாயிலில் வண்ணம் குழைத்தால் ஓவியம் காயவே காயாது. ஆக்ஸிஜன் வந்து பிடித்துக்கொள்ள எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் வேண்டும். ஓர் எண்ணெயில் அவை எவ்வளவு என்பதை அயோடின் எண் காட்டும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். பாமாயிலுக்கு 50ஐ ஒட்டி. அடுப்படிச் சுவரில் தெறித்த பாமாயில் மாதக்கணக்கில் பிசுபிசுவென்று நிற்பதற்கும், ரவிவர்மாவின் லட்சுமி நூறாண்டு கடந்தும் நிற்பதற்கும் இந்த எண்களின் வித்தியாசமே காரணம்.

அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமி கூலிக்காரர் வீட்டுக்கு வந்தது அச்சு வழியாக. 1894இல் ரவிவர்மா பம்பாயில் ஜெர்மானிய இயந்திரங்களோடு ஓர் அச்சகம் தொடங்கினார். அங்கே நடந்தது கல்லச்சு. 1796இல் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த அந்த முறைக்கு அடிப்படை, எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதுதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் குச்சியால் வரைந்து, கல்லை ஈரப்படுத்தி, மேலே எண்ணெய் மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஈரமான இடம் மையை ஏற்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் துல்லியமாக அதே இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் லட்சுமிக்கு இரண்டு வாய்.

1904இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சகக்காரர் ஒரு விபத்தைக் கவனித்தார். தாள் போட மறந்த சமயத்தில் மை நேராக ரப்பர் உறையின் மேல் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்புறத்தில் ரப்பரிலிருந்து விழுந்த அச்சோ, முன்புறத்தைவிடத் தெளிவாக இருந்தது. ரப்பர் வளைந்து கொடுக்கும். சொரசொரத் தாளின் பள்ளம் மேடெல்லாம் தேடிப் போய் மையைக் கொடுக்கும். தாள் உரசாததால் அச்சுத் தகடும் சீக்கிரம் தேயாது. மட்டமான தாளிலும் நல்ல படம், ஆயிரக்கணக்கில், மலிவாக. ஆஃப்செட் பிறந்தது இப்படி. பின்னாளில் சிவகாசியின் காலண்டர்களும் இதே வழியில்தான் வந்தன. கோவில்பட்டியில் இருந்து முருகனையும் மீனாட்சியையும் காலண்டருக்கென்றே வரைந்த சி. கொண்டையா ராஜு (1898–1976) போன்றவர்களின் படங்கள் கடல் தாண்டியும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ரூபெலின் விபத்து நடந்த அதே காலத்தில்தான் சிலாங்கூரில் காட்டை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் விடியும் முன் பெரட்டுக்கு நின்று பால் மரம் சீவினார்கள். ஆரம்பகால ஆஃப்செட் இயந்திரங்களின் உறை இயற்கை ரப்பர்தான். எண்ணெய் மை பட்டுப் பட்டு ஊதியதால் பிற்காலத்தில் செயற்கை ரப்பருக்கு மாறினார்கள். பால் வெட்டிய கைகளுக்கும் அவை கும்பிட்ட படத்துக்கும் நடுவே, யாருக்கும் தெரியாமல், அந்த மரமே சில காலம் இருந்திருக்கிறது.

நீலமாகிப் போன லட்சுமி

வெயில் படும் அஞ்சடியில் பல ஆண்டு தொங்கிய காலண்டர் படத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சிவப்புச் சேலை போய்விடும், மஞ்சள் நகை போய்விடும். லட்சுமி நீலமும் சாம்பலுமாக நிற்பாள். சில வீடுகளில் எல்லாத் தெய்வமும் கிருஷ்ணர் நிறத்துக்கு வந்திருக்கும். மலிவான மஞ்சள், மெஜந்தா மைகளின் நிறம் பெரும்பாலும் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான ஒரு பிணைப்பில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பிணைப்பை உடைத்துவிடும். கறுப்பு வெறும் கரி. வெயில் அதை ஒன்றும் செய்யாது. நீலம் ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு தனிக் கதை உண்டு. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், விரிசல் விட்ட பாத்திரத்தில் வேறு எதையோ தயாரிக்கும்போது நீல நிறக் கசடு ஒன்று கிடைத்தது. பாத்திரத்தின் இரும்பு உள்ளே கலந்து உண்டான கசடு. இரும்புக்குப் பதில் செம்பை நடுவில் வைத்துச் செய்ததுதான் இன்றைய சயான் மை. செம்பைச் சுற்றி வளையமாகப் பூட்டிக்கொண்ட மூலக்கூறு; வெயிலுக்கும் அமிலத்துக்கும் எளிதில் மசியாது. அந்தப் படத்தில் கடைசிவரை நிற்பது அதுவும் கரியும்தான்.

எங்கே போனாலும் பார்க்கும் கண்

சாமி படத்தின் கண் நம்மை விடாது என்பது சிறு வயதிலேயே எல்லாருக்கும் தெரியும். கதவோரம் போனாலும் பார்க்கும். சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும் பார்க்கும். நிஜ மனிதரின் முகத்தை ஒரு பக்கமாகப் போய்ப் பார்த்தால் காதும் கன்னமும் அதிகம் தெரியும், கருவிழி ஓரம் போகும். தட்டையான படத்தில் இது எதுவும் நடக்காது. எங்கே நின்றாலும் அதே கருவிழி, அதே மூக்கு. நேராகப் பார்ப்பதுபோல் வரைந்த கண் எல்லா இடத்திலிருந்தும் நேராகவே பார்க்கும். 1824இல் வில்லியம் வொல்லஸ்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் இன்னொன்றையும் காட்டினார்: கண்களை அப்படியே வைத்துவிட்டு மூக்கையும் முகத்தையும் மட்டும் வேறு பக்கம் திருப்பி வரைந்தால், பார்வையும் திசை மாறிவிடுகிறது. பார்வையின் திசையை நாம் கண்ணிலிருந்து மட்டும் படிப்பதில்லை, முழு முகத்திலிருந்தும் படிக்கிறோம். தரிசனம் தரவேண்டிய படத்தை நேர்முகமாக வரைந்த ஓவியர்களுக்கு இது ஆய்வுக் கட்டுரை இல்லாமலே தெரிந்திருக்கிறது.

இப்போது கைப்பேசி. லட்சுமியின் கழுத்து ஆரத்தைக் கிட்டே வைத்துப் படம் எடுங்கள். சாமி படத்தைத் தலைகீழாகப் பிடிக்க மனம் வராது. கைப்பேசியில் எடுத்ததைத் திருப்பலாம். உருண்டு நின்ற முத்துகள் பலருக்குக் குழிகளாகத் தெரியும். ஒவ்வொரு முத்துக்கும் மேலே வெள்ளைப் பொட்டும் கீழே பழுப்பு நிழலும் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று மூளை எப்போதும் எடுத்துக்கொள்வதால் முத்து மேடாகத் தெரிகிறது. திருப்பியதும் அதே கணக்கு எதிராக வேலை செய்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் இதை நேர்த்தியான சோதனைகளால் 1988இல் விளக்கினார். சூரியனின் கீழ் வாழ்ந்த உயிரினத்தின் மூளையில் இது ஊறிப்போன அனுமானம்.

பாணி என்பது தேர்வு

அடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ரவிவர்மாவின் லட்சுமி குலையமாட்டாள். மூக்கு மூக்காக, மடிப்பு மடிப்பாக நிற்கும். அவருடைய ஓவியத்தின் எலும்பு வெளிச்சமும் நிழலும்தான். நிறம் அதன்மேல் போர்த்தியது. தங்கத் தகடு ஒட்டாமலே அவர் சரிகையைத் தங்கமாக்குவது இதனால்தான்: அடர்பழுப்பு, காவி மஞ்சள், அதன் உச்சியில் ஊசிமுனை அளவு வெள்ளை.

இதே சோதனையைக் க்ளோத் மோனே 1872இல் தீட்டிய 'உதயம்' ஓவியத்தில் செய்தால் சூரியனே மறைந்துபோகும். நிறத்தில் அந்த ஆரஞ்சுச் சூரியன் கண்ணைப் பறிக்கிறது. வெளிச்ச அளவிலோ அது சுற்றியிருக்கும் மேகத்தோடு ஏறத்தாழச் சமம். ஹார்வர்டு பல்கலைக்கழக நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்குக் காரணம் சொன்னார். பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று பார்க்கும் மூளைப் பகுதிக்கு நிறம் சரியாகத் தெரியாது. வெளிச்ச வேறுபாடுதான் தெரியும். நிறம் பார்க்கும் பகுதி சூரியனைக் காண்கிறது, இடம் பார்க்கும் பகுதி காணவில்லை. இரண்டும் ஒத்துப்போகாததால் சூரியன் நிலைகொள்ளாமல் துடிக்கிறது.

ரவிவர்மா பிறந்த அதே 1848இல்தான் பாரிஸில் பால் கோகான் என்ற ஓவியர் பிறந்தார். ஒருவர் தட்டையான துணியில் ஆழம் கொண்டுவர வாழ்நாளைச் செலவிட்டார். மற்றவர் அதே ஆழத்தை வேண்டுமென்றே எடுத்துப் போட்டுவிட்டு, தட்டையான நிறப்பரப்புகளைக் கோட்டுக்குள் அடைத்தார். ஒரே வயதுக்காரர்கள், ஒரே எண்ணெய் வண்ணம். வெளிச்சம், நிறம், கோடு ஆகிய மூன்றில் எதை முன்னால் நிறுத்துவது என்பதில்தான் பிரிகிறார்கள். பாணிகளின் நீண்ட பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்தப் படத்தில் வேலை செய்வது எது என்று கேட்டாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

மலேசியாவிலேயே இதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. 1943இல் இராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பியவர். 1970களில் ராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் வரைந்தார். காலண்டருக்குப் பழகிய கண் முதலில் திகைக்கும். உடல்கள் நீண்டிருக்கின்றன, நிழல் குறைவு, அஜந்தாச் சுவரின் சாயலில் கண்கள் நீள்கின்றன. 'சீதை இப்படியா இருப்பாள்?' என்று தோன்றும். ரவிவர்மாவிடம் வெளிச்சம் செய்யும் வேலையை இவரிடம் வளைந்தோடும் கோடு செய்கிறது என்று பிடிபட்டதும் திகைப்பு விலகிவிடும்.

பிடித்தது ஏன் பிடித்தது?

இனிமேல்தான் சங்கடமான கேள்வி. நமக்கு ஒரு படம் பிடிப்பது அது நல்ல படம் என்பதாலா, பழகிய படம் என்பதாலா? அடிக்கடி கண்ணில் பட்டால் போதும், எதுவும் கொஞ்சம் பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயன்ஸ் 1968இல் காட்டினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கட்டிங் இதை ஓவியத்தில் சோதித்து 2003இல் எழுதினார். மோனே போன்றோர் வரைந்த இம்ப்ரெஷனிசப் படங்களில், புத்தகங்களில் அதிகம் அச்சானவற்றையே மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள். பிறகு வகுப்பு நடுவே, விளக்கம் எதுவும் சொல்லாமல், அதிகம் அச்சாகாத படங்களைச் சில விநாடிகள் திரும்பத் திரும்பக் காட்டினார். பருவ முடிவில் பிரபலமான படங்களின் மேலிருந்த கூடுதல் பிரியம் காணாமல் போயிருந்தது.

அப்படியானால் ரவிவர்மா நமக்குப் பிடித்தது மளிகைக் கடைக்காரர் செய்த வேலையா? ஓரளவுக்கு, ஆம். ஆனால் 2013இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மறுபக்கத்தைக் காட்டினார்கள். மினுமினுக்கும் குடிசைகளை வரைந்து கோடிகளில் விற்ற அமெரிக்கர் தாமஸ் கின்கேடின் படங்களையும், பெரிதும் மதிக்கப்படும் ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் படங்களையும் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கின்கேடின் படங்கள் பார்க்கப் பார்க்கப் பிடிக்காமல் போயின. மில்லேயின் படங்களில் அந்த இறக்கம் தெரியவில்லை. பழக்கம் எல்லாவற்றையும் இனிப்பாக்குவதில்லை என்பது இதன் பொருள். நீண்ட பார்வை சில படங்களை வளர்க்கும், சிலவற்றின் சாயத்தை வெளுக்கச் செய்யும். முதல் பார்வையில் மயங்கும் கண், நூறாவது பார்வையில் நியாயம் சொல்லும்.

அந்த நூறு பார்வையையும் ஒரே மாதிரி பார்க்கக்கூடாது. ரஷ்ய அறிஞர் ஆல்ஃப்ரெட் யார்பஸ், பார்ப்பவரின் கண்ணோடு கருவி பொருத்தி, ஓவியத்தின் மேல் கண் ஓடும் தடத்தைப் பதிவு செய்தார். படம், இல்யா ரேப்பின் வரைந்தது: நெடுநாள் கழித்து ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்புகிறார். சும்மா பார்க்கச் சொன்னால் ஒரு தடம். குடும்பத்தின் வசதி என்ன என்று கேட்டால் கண் மேசைக்கும் துணிமணிக்கும் போனது. வயது என்ன என்றால் முகம் முகமாகத் தாவியது. எத்தனை காலம் போயிருந்தார் என்றால், வந்தவரின் முகத்துக்கும் வீட்டாரின் முகத்துக்கும் இடையே அலைந்தது. ஒரே படம், ஒரே ஆள். கேள்வி மாறியதும் பார்த்தது மாறிவிட்டது.

ஆகவே கோலாலம்பூரில் 1958இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்துக்கு அடுத்த முறை போகும்போது எல்லாப் படத்தையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? வேலை செய்வது கோடா, நிறமா, நிழலா? யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் நம்மைப் பார்க்கிறார்கள்? அனுமதி இருந்தால் கைப்பேசியில் எடுத்து வந்து, சில வாரம் அதைத் திரையின் முகப்பில் வையுங்கள். சாமி படத்துக்குக் கொடுத்த காலத்தில் ஒரு துளியாவது கொடுங்கள். அப்புறமும் அது வளர்ந்தால் உங்களுக்குப் பிடித்த ஓவியர் ஒருவர் கிடைத்துவிட்டார். சலித்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று சொல்லுங்கள். தூரிகை பிடிக்கத் தெரியாதவருக்கும் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி உண்டு. 17 விநாடியில் நகர்ந்துவிட்டவருக்குத்தான் இல்லை.